பொங்கிய காப்பியும் அப்பாவின் ஆட்டுத்தோலும்

ஆம்பூர்,
புதன்கிழமை இரவு.

ஆண்டவருக்குள் பிரியமான ஜெபராணி சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் கெசியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. சித்தி, இதை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்குக் காட்டாதீர்கள், உங்களோடு டூட்டி பார்க்கும் அக்காக்களுக்குக் காட்டாதீர்கள். ஷாஜின் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் என்று போன தடவை பெருமையாகச் சொன்னீர்களே, அதனால் அவனுக்கும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். போனில் சொல்லலாம் என்றால், பரீட்சை முடியும்வரை போன் அம்மாவின் தலையணைக்கு அடியில்தான் தூங்குகிறது. பக்கத்து வீட்டு ஐசக் அண்ணன் காலையில் உங்கள் ஊர்ப் பாகாயத்துக்கு வேலைக்குப் புறப்படும்போது அவருடைய சாப்பாட்டுப் பையில் இதைப் போட்டுவிடுவேன். குழம்பு வாசனை அடித்தால் மன்னிக்கவும்.

நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே அம்மா சுகம், நான் சுகம். அப்பா மட்டும் சுகமில்லை. அவருக்கு வந்திருப்பது என்னவென்று உங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் அவருக்கு வந்திருப்பது நான்தான்.

எல்லாம் உங்களால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களால்தான் வந்தது. போன மாதம் என்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போய், உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸும் காப்பியும் சோடாவும் கலந்து நுரைக்க நுரைக்க வாங்கிக் கொடுத்தீர்களே, அன்றிலிருந்து என் மூக்குக்குள் அந்தக் குமிழிகள் வெடித்துக்கொண்டே இருக்கின்றன. வேதியியல் வகுப்பில் வெடிக்கின்றன, ஜெபத்தில் கண் மூடினால் வெடிக்கின்றன. வீட்டிலோ அம்மா எனக்குக் காப்பியே தருவதில்லை. "வயசுப் பொண்ணு காப்பி குடிச்சா கறுத்துப் போவா" என்கிறார். நீங்க மட்டும் வேளாவேளைக்குக் குடிக்கிறீங்களே என்று கேட்டால், "எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே" என்கிறார். இது என்ன நியாயம் சித்தி?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பாவும் அம்மாவும் வாணியம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனதும், 'நான் படிக்கணும்' என்று வீட்டில் நின்றுகொண்டேன். பில்டரில் டிகாஷன் இறக்கினேன், கறுப்பாக, பிசினாக. பிறகு தெருமுனை வாஹித் பாஷா பாய் கடைக்கு ஓடி சோடா கேட்டேன். இப்போது அவர் கடையில் திருகு மூடி பாட்டில்தான்.

"இன்னா பாப்பா, வயித்துல கேஸா?" என்றார் பாய்.

"இல்ல பாய், காப்பில ஊத்தறதுக்கு."

பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "காப்பிலயா? அந்தக் காப்பி உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சு? ஊத்து, ஆனா பாத்து ஊத்து. கேஸு ஜாஸ்தி போட்டிருக்கேன்."

பாத்து ஊத்தவில்லை சித்தி. டம்ளரில் காப்பியை வைத்து அதன்மேல் சோடாவை மெதுவாக ஊற்றியிருக்க வேண்டும். நான் பாட்டிலிலிருந்து கொஞ்சம் சோடாவைக் குடித்து இடம் செய்து, அதற்குள் டிகாஷனையும் சர்க்கரையையும் போட்டு, மூடியை இறுக்கி, நன்றாகக் கலக்கட்டும் என்று குலுக்கினேன். அப்புறம் திறந்தேன். மூடி ஒரு பக்கம் பறந்தது, காப்பி எல்லாப் பக்கமும் பறந்தது. கூரை, மின்விசிறி, என் கண், எல்லாம் காப்பி. வசன காலண்டரில் நின்ற வெள்ளை ஆட்டுக்குட்டி சாக்லேட் நிறமாகிவிட்டது. நான் சிரித்தேன் சித்தி, தனியாக நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், ஜன்னலோரம் மேசைமேல் அப்பாவின் தோல்.

அப்பா தோல் கம்பெனியில் நிறம் சேர்க்கும் ஷேடு மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் செய்வதை நீங்கள் பார்த்ததில்லை. பகல் வெளிச்சத்தில்தான் நிறம் உண்மையைச் சொல்லும் என்று தோலை வீட்டுக்கே கொண்டுவந்து ஜன்னலோரம் விரித்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி தள்ளி நின்று பார்ப்பார், கிட்டே வந்து பார்ப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அன்று கிடந்தது மாம்பூ நிறத்தில் ஓர் ஆட்டுத்தோல். வெளிநாட்டிலிருந்து செருப்புக்குத் தோல் வாங்க வந்திருக்கும் ஓர் அம்மாவிடம் மறுநாள் காட்ட வேண்டியது. மேல்பூச்சு இன்னும் போடாததால் ஒரு சொட்டு பட்டாலும் உறிஞ்சிவிடும். உறிஞ்சிவிட்டது. அம்மை போட்ட மாதிரி உடம்பெல்லாம் புள்ளி.

துடைத்தேன், பெரிதானது. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், இன்னும் பெரிதானது. அப்போது எனக்கு ஒரு ஞானம் வந்தது: அங்கங்கே இருந்தால்தானே கறை, முழுக்க இருந்தால் அது நிறம்தானே? பாட்டிலில் பொங்கிக்கொண்டிருந்த மிச்சத்தையும் தோல்மேல் கொட்டிப் பஞ்சால் தடவிவிட்டேன். அம்மா சொன்னது சரிதான் சித்தி, காப்பி குடித்தால் கறுத்துத்தான் போகிறது! ஆனால் நுரை குமிழ் குமிழாக உட்கார்ந்து வெடித்த இடமெல்லாம் வளையம் வளையமாக, மழைக்கு முந்தின மேகம் மாதிரி ஆகிவிட்டது. விசிறியில் காயவைத்து, சுருட்டி, அப்பா பையில் வைத்தேன். எனக்குக் குடிக்கக் கிடைத்தது பாட்டிலின் அடியில் தங்கிய ஒரு வாய். அமிர்தம் சித்தி.

தரையைத் துடைத்துவிட்டேன்; ராத்திரி களைத்து வந்த இருவரும் மின்விசிறியையோ காலண்டரையோ நிமிர்ந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை அப்பா அவசரத்தில் பையைத் திறக்காமலே போய்விட்டார். சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேனேஜர் பிரேம்நாத் சார் முன்னாடி விரிச்சேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மா தோலத் தூக்கிக் கன்னத்துல வெச்சுக்கிச்சு. இதான் வேணும், இதான் வேணும்னு ஒரே ஆட்டம். பிரேம்நாத் சார் என்னப் பாத்து, 'நீ பண்ணதா தானியேலு?'ன்னாரு. தல தானா ஆடிடுச்சு."

"ஆமான்னா ஆடுச்சு?" என்றார் அம்மா.

"ஆமான்னுதான் ஆடுச்சு."

இப்போது புரிகிறதா சித்தி? அந்த வெளிநாட்டு அம்மா வெள்ளிக்கிழமை விமானம் ஏறுவதற்குள் அதே நிறத்தில், அதே மேகத்தோடு இன்னும் சில தோல்களைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். 'தானியேல் சரின்னா சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற இடத்தில் அப்பா பொய் சொன்னவராக நிற்பார். கம்பெனியில் இருக்கும் சாயமெல்லாம் கலந்து பார்த்துவிட்டார். நேற்று ஒரு கையில் காப்பி டம்ளரும் மறு கையில் அந்தத் தோலுமாக உட்கார்ந்து, தோலை முகர்ந்து முகர்ந்து, "இதுல ஏதோ தெரிஞ்ச வாசனை வருது, என்னான்னு பிடிபடல" என்கிறார். அம்மா, "மொதல்ல காப்பியக் குடிங்க, ஆறிப்போவுது" என்கிறார். நான் இயற்பியல் புத்தகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

குறிப்பால் உணர்த்தவும் பார்த்தேன். இன்று காலை தெரியாமல் தட்டுவதுபோல் தட்டி, அப்பாவின் வெள்ளைச் சட்டையில் காப்பியைக் கொட்டினேன். அப்பா குனிந்து பார்த்தார். "ஏ, இந்தக் கலரு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மா, "கறை புடிச்சிடும், கழட்டுங்க!" என்று சட்டையை உருவி, பிளீச்சிங் பவுடரில் முக்கிவிட்டார். உண்மை வாளிக்குள் வெளுத்துப்போனது.

இரவு ஜெபத்தில் அப்பா, "மறைவா இருக்கறத வெளிய கொண்டாரும் ஆண்டவரே" என்று உருகினார். அதே நேரத்தில் நான், வேண்டாம் ஆண்டவரே என்று ஜெபித்தேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு போனால் அவர்தான் என்ன செய்வார்? அப்புறம் அப்பா, கவலையில் வயிறு உப்பிவிட்டது என்று பாய் கடைக்குப் போய் சோடா குடித்துவிட்டு வந்தார். வந்தவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "போய்ப் படி பாப்பா" என்று மட்டும் சொன்னார். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே சித்தி, நாளைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு, வார்டில் ஒரு வயசான தோல் மேஸ்திரி படுத்திருந்ததாகவும், அந்தக் காலத்தில் காப்பியும் சோடாவும் கலந்து சாயம் போட்டதாக அவர் சொன்னதாகவும் சொல்லிவிடுங்கள். பேஷண்ட் பேர் கேட்டால் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்று சொல்லுங்கள். என் பேர் வரக்கூடாது. வந்தால் அம்மா என்னைக் காவேரிப்பாக்கத்துப் பெரியம்மா வீட்டில் விட்டுவிடுவார், அங்கே காப்பி மட்டுமல்ல, டிவியும் கிடையாது.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், ஷாஜினுக்கு முத்தம். நீங்கள் சொல்லப்போகும் அந்த ஒரு பொய்யைக் கர்த்தர் மன்னித்து, உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பயந்த மகள்,
கெசியா.

பி.கு.: சித்தி, போன் போடாதீர்கள்! மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள்! இப்போது சமையலறையில் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா தலையெல்லாம் காப்பி. பாய் கடை சோடா பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. புதுத் தோல் ஒன்றைத் தரையில் விரித்துக் குனிந்து பார்க்கிறார். அம்மா ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாங்க இது, மூக்குல ஏறுது!" என்று சிரித்துவிட்டு இன்னொரு வாய் குடிக்கிறார், எங்கள் அம்மா! அப்பா சொல்கிறார்: "கலரு வந்துடுச்சு, மேகந்தான் வரல. அவ குலுக்கிட்டு ஊத்தினாளா, ஊத்திட்டுக் குலுக்கினாளா? பாய்க்கு அது தெரியல. அவளையே எழுப்பிக் கேளு. அப்பிடியே அவளுக்கும் ஒரு டம்ளர் ஊத்து, பயந்துடப் போறா."

சித்தி, கதவைத் தட்டுகிறா...