கரடி வீட்டுக் கம்பளமும் நடுவில் வந்த சோபாவும்

ஒரு காட்டில், குகைகளை இடித்து அடுக்குமாடி கட்டிய பிறகு நடந்த கதை இது. அங்கே மூன்றாம் மாடியில் ஒரு கரடிக் குடும்பம் குடியிருந்தது. அம்மா குணவதி, அப்பா தர்மலிங்கம், ஒரே மகள் இதழினி. இந்தக் காலத்துக் குட்டிகளுக்கு இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள்.

அந்த வீட்டில் ஒரு வெள்ளைக் கம்பளம் இருந்தது. தர்மலிங்கத்தின் அக்கா செண்பகவல்லி, வடதுருவத்தில் ஒரு பனிக்கரடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். ஒருமுறை ஊருக்கு வந்தபோது அவள் கொண்டுவந்து கொடுத்த கம்பளம் அது. அங்கே எல்லாமே வெள்ளை. சேறும் கிடையாது, செம்மண்ணும் கிடையாது. இங்கே அதை விரித்தால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. குணவதியும் நம் வீடுகளில் செய்வதைத்தான் செய்தாள். வந்த பிளாஸ்டிக் உறையோடு சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். கொடுத்தவர் வரும் நாளில் விரிப்பது, அவர் ஆட்டோ ஏறியதும் சுருட்டுவது. வெளிநாட்டுச் சாமானுக்கு நாம் காட்டும் மரியாதை அது.

மறுபடி ஊருக்கு வந்திருந்த செண்பகவல்லி, அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். குணவதி கம்பளத்தை விரித்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள். திரும்பி வந்தால், கம்பளத்தின் நட்டநடுவில் இதழினி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் மயில் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். கோந்து, ஜிகினா, கத்தரிக்கோல் எல்லாம் அவளைச் சுற்றி இருந்தன. நீலக்கலர் பாட்டிலும் இருந்தது. நீலக்கலர்தான் பாட்டிலில் இல்லை.

"இங்கதான்மா மெத்துமெத்துன்னு இருந்துச்சு," என்றாள் குட்டி.

குணவதிக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை செண்பகவல்லி ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல் கொடுத்தாள். குணவதி அதைக் கம்பி நார் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். அந்தச் செய்தி அதற்குப் பிறகு நடந்த கல்யாணப் பந்திகளில் எல்லாம் சாம்பாரோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. 'ஒரு பொருளைக் கொடுத்தா வச்சிக்கத் தெரியாதவ' என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. இப்போது கம்பளமும் போனால் அந்தப் பெயர் ஜென்மத்துக்கும் போகாது.

போனை எடுத்து, பள்ளி அம்மாக்கள் குழுவில் படம் போட்டாள். பதில்கள் கொட்டின.

"பேஸ்ட் தடவுங்க சிஸ், பல் தேய்க்கிற பேஸ்ட்," என்றது குரங்கு.

"தயிர் ஊத்தி ஊற வைங்க," என்றது எருமை. எருமை எதற்கும் தயிர்தான் சொல்லும்.

"மண்ணெண்ணெய்," என்றது நரி. சொல்லிவிட்டு உடனே அதை அழித்தும்விட்டது.

"எங்க பையன் இதெல்லாம் பண்ணவே மாட்டான்ப்பா," என்றது மான். அதை யாரும் கேட்கவில்லை.

"அம்மா, இது தண்ணியிலயே போயிடும்னு டீச்சர் சொன்னாங்க," என்றாள் இதழினி.

"நீ சும்மா இரு," என்றாள் குணவதி.

பேஸ்ட் தடவினாள். தயிர் ஊற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். உள்ளங்கை அளவு இருந்த நீலம் தாம்பாள அளவுக்குப் பரவியது. ஜிகினா கம்பளத்தை விட்டு அவள் மூக்குக்கு ஏறியது.

தர்மலிங்கம் குளித்துவிட்டு வந்தான். மனைவி அழுவதைப் பார்த்து அவனுக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனான். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு பிடி மஞ்சள்தூளை அள்ளி வந்து, கறைமேல் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்தான்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க!"

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு கொஞ்சம் மஞ்சள் வச்சேன்."

அந்தக் காட்டில் முழங்கால் சிராய்த்தாலும் மஞ்சள், இருமினாலும் மஞ்சள், புதுத்துணி வாங்கினாலும் ஓரத்தில் மஞ்சள். கம்பளத்துக்கு மட்டும் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நீலம் பச்சையாகி, பச்சையைச் சுற்றி மஞ்சள் கரை கட்டியது. இனி அது தண்ணீருக்கும் போகாது, தவத்துக்கும் போகாது.

கீழே ஆட்டோ வந்து நின்றது. கணவனும் மனைவியும் சுவரோரம் இருந்த சோபாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துவந்து கறைமேல் போட்டார்கள். கறை மறைந்தது. ஆனால் சோபா இப்போது கூடத்தின் நடுவில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குளியலறைக் கதவைப் பார்த்தபடி நின்றது.

செண்பகவல்லி வந்தாள். உட்கார்ந்தாள். குளியலறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சோபாவ ஏன் குணவதி நடுவுல போட்டிருக்க?"

"வாஸ்து அண்ணி. ஒருத்தர் வந்து பார்த்துட்டுச் சொன்னாரு."

"யாரு?"

"ஆமை," என்றாள் குணவதி. அதே நேரத்தில் "ஆந்தை, அக்கா," என்றான் தர்மலிங்கம்.

எப்போதும் உண்மையே பேச வேண்டும் என்று இதழினிக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "சோபாவுக்கு அடியில பெரிய கறை இருக்கு அத்தை," என்றாள்.

குணவதி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த முகூர்த்தம் எப்போது, பந்தியில் யார் யார் இருப்பார்கள் என்றுதான் அவள் மனசு ஓடியது.

செண்பகவல்லி அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கோந்தா, கலரா?"

"கலர் அண்ணி."

"கலர்னா தேவலையே. எங்க வீட்ல கோந்து. ரொம்ப நாளா சோபா நடுவுலதான் கிடக்கு. உங்க அண்ணன் தினம் கால இடிச்சுக்கிறாரு. வாஸ்துன்னுதான் நானும் சொல்லி வச்சிருக்கேன்." அவள் கண் கலங்கியது. "யார்கிட்ட சொல்லி அழறது சொல்லு. அங்க எல்லாம் வெள்ளை. ஒரு பொட்டு பட்டாலும் ஊருக்கே தெரியும்."

குணவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணியிடம் அவளுக்குப் பயம்தான் இருந்தது. பிரியம் என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

"அது சரி, என்ன கலர்?"

"நீலமாத்தான் இருந்துச்சு. உங்க தம்பி மஞ்சளப் போட்டுத் தேச்சுட்டாரு."

"அதானே பார்த்தேன்!" என்றாள் செண்பகவல்லி. "சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான். இவன வச்சிக்கிட்டு நீயா இருக்கப்போய்க் குடும்பம் நடத்துற."

இருவரும் சேர்ந்து தர்மலிங்கத்தைத் திட்டிக்கொண்டே வயிறாரச் சாப்பிட்டார்கள். அவன் மஞ்சள் கையோடு பரிமாறினான்.

வடதுருவத்தில் எல்லார் வீட்டிலும் சோபா நடுவில்தான் இருக்கும், அதுதான் ஐஸ்வரியம் என்று அடுத்த கல்யாணத்தில் செண்பகவல்லி சொன்னாள். மறுநாளே மான் வீட்டில் சோபா நடுவுக்கு வந்தது. பிறகு காடு முழுக்க வந்தது. எதற்கு என்று ஒரு வீடும் இன்னொரு வீட்டைக் கேட்கவில்லை.

இதழினிக்கு அன்று இரண்டு திட்டு விழுந்தது. கறை பண்ணியதற்கு ஒன்று, உண்மையைச் சொன்னதற்கு ஒன்று. இரண்டாவதுதான் பலமாக விழுந்தது. கெட்டிக்காரக் குட்டி. அடுத்த முறை பள்ளியில் கிளி செய்துவரச் சொன்னபோது, கலர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகச் சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நீதி: உண்மை என்றைக்காவது ஒருநாள் வெளியே வரத்தான் செய்யும், ஆகவே சோபா வாங்கும்போதே கொஞ்சம் பெரிதாகப் பார்த்து வாங்குக.