ஃபேன் கடைமேல் ஊர் வைத்த பாசம்

மனித குலம் கண்ட மாபெரும் இயக்கங்களை யாராவது என்றைக்காவது வரிசைப்படுத்தினால், ‘நம்ம ஊர்க் கடை, நம்ம ஊர்க் கோடை’ இயக்கத்துக்கு முதல் மூன்று இடங்களில் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். மற்ற இயக்கங்கள் தொண்டர்களிடம் ரத்தம், சிறை, பட்டினி என்று எதையாவது கேட்டன. இந்த இயக்கம் எதையுமே கேட்கவில்லை. கடையில் ஒரு பொருள் வாங்கு என்றுகூடக் கேட்கவில்லை.

ஏழு கிராமங்களுக்குப் பொதுவான ஒரு கடைத்தெருவில், ஒரு ஃபேன் கடைக்குள் இயக்கம் பிறந்தது. ‘உள்ளூர் வணிகத்தின் இதயத் துடிப்பை நேரில் உணரும் பொருட்டு’ அந்த இடம் தேர்வானதாக இயக்கத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த வெயிலில் ஒன்பது ஃபேன் ஒரே நேரத்தில் ஓடுகிற கூரை வட்டாரத்தில் வேறு எங்கும் இல்லை என்பதை அறிக்கை சொல்லவில்லை.

ஃபேன்கடைக்காரருக்கு அன்று காலைதான் வீட்டில் ஒரு கெடு வைக்கப்பட்டிருந்தது.

“ஏங்க, இதுதான் கடைசிக் கோடை,” என்றாள் மனைவி. “முப்பது ஃபேன் வித்துட்டீங்கன்னா நான் வாயே திறக்கமாட்டேன். விக்கலேன்னா கடையை மூடிட்டு, எங்க அண்ணன் டவுன்ல பார்த்து வெச்சிருக்கிற வேலைக்குப் போயிடணும். அவரும் எத்தனை நாள் அந்த இடத்தைப் பிடிச்சு வெச்சிருப்பாரு?”

“முப்பதா? இந்த வெயிலுக்கு அறுபது போகும்,” என்றார் அவர். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர். ஒரு மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், எத்தனை கோடைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்குத் தெரியாது.

ஆகவே, ஓய்வு பெற்ற நில அளவையாளரான இயக்கத் தலைவரும், செயலாளர் டீச்சரும், மற்ற நான்கு உறுப்பினர்களும் கடைக்குள் நுழைந்தபோது, தெய்வமே ஆள் அனுப்பியிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். எல்லா ஃபேனையும் போட்டுவிட்டார். உறுப்பினர்கள் பதவி வரிசையை மறந்து, காற்று வரும் வரிசைப்படி அமர்ந்தார்கள்.

“உறுதிமொழியை முதல்ல முடிச்சுடுவோம்,” என்றார் தலைவர். “‘இந்தக் கோடையில் உள்ளூர்க் கடைகளிலேயே வாங்குவேன்.’ எப்படி?”

“‘வாங்குவேன்’னு போட்டா யாரு சார் கையைத் தூக்குவாங்க?” என்றார் டீச்சர். “‘நேசிப்பேன்’னு போடுங்க. கை தானா மேல போகும்.”

“‘ஆதரிப்பேன்’?”

“அதுல ஏதோ செலவு வர்ற மாதிரி இருக்கு சார்.”

‘நேசிப்பேன்’ ஒருமனதாக நிறைவேறியது. நிறைவேறிய கையோடு தீர்மானம் பறந்துபோய் வாசலில் விழுந்தது. ஃபேன்கடைக்காரர் ஓடிப்போய் எடுத்து வந்து, அதன்மேல் ஒரு ஸ்பானரை வைத்தார். “மூணுல ஓடுறதை ரெண்டுல வையுங்க தம்பி, ஜனநாயகம் பறக்குது,” என்று தலைவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துவைத்தார்.

அடுத்து, சட்டையில் குத்திக்கொள்ள ஐந்நூறு பேட்ஜ். இரண்டு கடை தள்ளி அச்சகம் இருக்கிறதே என்று ஃபேன்கடைக்காரர் மெல்ல நினைவூட்டினார்.

“அவர்கிட்ட குடுத்தா ஒரு வாரம் இழுப்பாரு,” என்றார் தலைவர். “உள்ளூர்ப் பற்று அவசரமான விஷயம். போன்ல ஆர்டர் போட்டா நாளன்னைக்கு வந்துடும்.”

வந்தது. ஃபேன் கடைக்குத்தான் வந்தது. அந்த வட்டாரத்துக் கிராமங்களில் கதவு எண் கிடையாது. ‘மூணாவது வளைவு, நாய் இருக்கிற வீடு’ என்று விலாசம் எழுதினால், மூன்றாவது வளைவில் எல்லா வீட்டிலும் நாய். ஆகவே போனில் பொருள் வரவழைக்கிற அத்தனை பேரும் ‘ஃபேன் கடையில் கொடுக்கவும்’ என்று போட்டுவிடுவார்கள். இடுப்புக்கு பெல்ட் போட்ட ஒரு பார்சல்காரர் தினமும் பதினோரு மணிக்கு வண்டியை நிறுத்தி, பெட்டிகளை இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். ‘நான் உள்ளூர்க் கடையை நேசிக்கிறேன்’ என்ற ஐந்நூறு பிரகடனங்களையும் ஃபேன்கடைக்காரர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்தார்.

பிறகு நேசம் தொடங்கியது. வியாபாரம் இல்லாத கடையைக் காற்று வாங்குகிறது என்பார்கள். இங்கே கடைக்குள் ஊரே வந்து காற்று வாங்கியது. ஒருநாள் பேட்ஜ் குத்திய ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஆறு ஃபேனைப் போட்டுக் காட்டினார். மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார்.

“இது தாமிரக் கம்பிம்மா. பதினஞ்சு வருஷத்துக்குக் கேட்கவே வேணாம். அது அலுமினியம், ரெண்டு கோடையில புகைஞ்சிடும்.”

அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கணவன் பெட்டியின் லேபிளைப் படம் எடுத்தார், பிறகு கடைக்காரரோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்தார். “இவ்வளவு பொறுமையா யாருண்ணே சொல்லுவாங்க?” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் அவர்கள் பெயரில் ஒரு பெட்டி வந்தது. அதை இறக்கும்போதே அவர் கைக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே என்ன என்று.

“அண்ணே, நீங்க சொன்ன அதே தாமிரக் கம்பிதான்!” என்று பூரித்தார் அந்த அம்மாள். “உங்க பேச்சைத் தட்டுவோமா? ஒரு நட்டு மட்டும் குறையுது போல. நீங்களே போட்டுப் பூட்டிக் குடுத்துடுங்களேன், வேற யார் மேலயும் எங்களுக்கு நம்பிக்கை இல்ல.”

பூட்டிக் கொடுத்தார். நட்டும் கொடுத்தார். தன்னை நம்புகிறேன் என்று சொன்ன ஒரு பெண்மணியிடம் எந்த வார்த்தையால் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் மனைவி ஒரே கேள்விதான் கேட்பாள்.

“எத்தனை?”

“இன்னைக்கு மட்டும் நாப்பத்தி மூணு பேர் வந்தாங்க.”

“வந்த தலையை நான் கேட்கல.”

கோடை முழுவதும் அவர் ஏழு ஃபேன் விற்றார். அதில் நான்கு, செல்போன் டவர் படுத்துக்கொண்ட இரண்டு நாளில் விற்றவை. அந்த இரண்டு நாளும் ஊரே தவித்தது. அவர் மட்டும், டவர் இன்னும் பத்து நாள் எழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். அது பாவம் என்று தெரிந்தேதான் வேண்டினார். இரண்டு, மனைவியின் சித்தப்பா வீட்டுக்குப் போயின. ஏழாவதை வாங்கியவர் பார்சல்காரர்.

“நீங்க ஏன் தம்பி இங்க வாங்குறீங்க?” என்று ஆச்சரியமாகக் கேட்டார் ஃபேன்கடைக்காரர். “உங்க கம்பெனியிலேயே விலை குறைச்சல்தானே?”

பார்சல்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அண்ணே, அந்தப் பெட்டியை எல்லாம் தினம் கீழ போடுறவன் நான். அதுல எனக்கே ஒண்ணு வேணுமா?”

இதற்கிடையில் இயக்கத்தின் அறிக்கை வெளிவந்தது. ஒரே கோடையில் இரண்டாயிரத்து நூறு பேர் காலடி எடுத்துவைத்த ஃபேன் கடை, ‘வட்டாரத்தின் மிக அதிகமாக நேசிக்கப்பட்ட கடை’ என்று அறிவிக்கப்பட்டது. அச்சகம் கடைசி இடத்தில் இருந்தது. காரணம், அங்கே ஃபேன் இல்லை.

அறிக்கை வந்த மறுநாள் ஃபேன்கடைக்காரர் கதவில் ஒரு தாளை ஒட்டினார். ‘வரும் வெள்ளியுடன் கடை மூடப்படுகிறது.’ இருபத்திரண்டு வருஷத்தை நாலு வார்த்தையில் எழுத முடிந்ததே என்று இருந்தது. மனைவி பக்கத்தில் நின்றாள். ஜெயித்துவிட்ட முகமாக இல்லை.

ஊர் கொதித்துப்போனது. வெள்ளிக்கிழமை கடைக்குள்ளேயே பிரியாவிடைக் கூட்டம். ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடின. தலைவர் நாற்பது நிமிஷம் பேசினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தக் கடை போனால் நம் அடையாளமே போகிறது” என்ற இடத்தில் பலத்த கைதட்டல்.

“அதெல்லாம் சரி சார்,” என்று எழுந்தார் டீச்சர். “நாளையிலேர்ந்து நம்ம பார்சலை யாரு வாங்கி வைப்பாங்க?”

கூட்டத்தில் அப்போதுதான் உண்மையான துக்கம் பரவியது.

“திங்கக்கிழமை எனக்கு ஏர்கூலர் வருதே!” என்று ஒருவர் பதறினார்.

“என் பொண்ணுக்கு செருப்பு வருது. கடையை ஒரு வாரம் தள்ளி மூடச் சொல்லுங்க.”

“ஒரு வாரம் பத்தாது. எனக்கு அலமாரி பதினஞ்சாம் தேதிதான்.”

“வேலையில நாளைக்கே சேரணும்,” என்றார் ஃபேன்கடைக்காரர்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இவ்வளவு பாசத்தைக் கொட்டின ஊரை நட்டாத்துல விட்டுட்டுப் போறீங்க. உள்ளூர்ப் பற்று கொஞ்சமாவது இருக்கா தம்பி உங்களுக்கு? அப்படி எந்த இடம் எங்களைவிட உசத்தியாப் போச்சு? அதையாவது சொல்லுங்க.”

ஃபேன்கடைக்காரர் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். ஒன்பதாவது ஃபேனும் நின்றது. எல்லோருக்கும் வியர்க்க ஆரம்பித்தது.

“பார்சல் கம்பெனி கிடங்குலதான் தலைவரே வேலை. ஃபேனுக்குப் பெட்டி கட்டணும்,” என்றார். “நான் ஊரை விட்டுட்டுப் போகல. நீங்க எல்லாரும் எப்பவோ அங்க போயிட்டீங்க. நான்தான் கடைசி ஆளா வர்றேன்.”