எலி, குரங்கு, அடிமை

"இதைக் கொஞ்சம் வாசிங்க, கசோண்டே" என்று இயக்குநர் திருமதி முவீம்பா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். கசோண்டேயின் கண்ணில் முதலில் பட்டது தன் பெயர். அடுத்து 'அடிமை' என்ற சொல். அதற்கடுத்து 'குரங்கு'.

லுசாக்காவில் அந்த விதைக் கம்பெனியின் கணினிகளுக்கும் மின்னஞ்சலுக்கும் கசோண்டேதான் பொறுப்பு. திரையில் இருந்தது, விதைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஜெரே முந்தின நாள் எல்லாருக்கும் அனுப்பிய அறிவிப்பு.

"என் அடிமை, குரங்கு தின்னி கசோண்டே, இன்று புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறான். யாரும் பாராட்ட வேண்டாம். தலைக்கனம் ஏறிவிட்டால் அப்புறம் வேலை வாங்க முடியாது. இப்படிக்கு, முதலாளி ஜெரே."

உள்ளூரில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கசோண்டே பெம்பா இனம், ஜெரே ங்கோனி இனம். முப்பாட்டன் காலத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டங்கள் அவை. அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, இன்றுவரை முறைக்காரர்களாகி ஒருவரையொருவர் திட்டித் தீர்க்கிறார்கள். திட்டினால் கோபப்படக் கூடாது. திட்டாவிட்டால்தான் கோபப்பட வேண்டும்.

கசோண்டேயின் அப்பா இறந்துபோனபோது ஜெரே குழிக்கு முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டான். "இந்தப் பெம்பாக் கிழவன் எனக்கு ஒரு கோழி தர்றேன்னான். கோழி வராம பெட்டி உள்ள போகாது" என்று ஒரே அடம். அதுவரை தேம்பிக்கொண்டிருந்த கசோண்டே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் நானும் குழிக்குள் விழுந்திருப்பேன் என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னான்.

வினை எங்கே வந்தது என்றால், ஜெரே 'எல்லாருக்கும்' என்று அனுப்பியதில் டென்மார்க்கில் இருக்கிற தலைமை அலுவலகமும் சேர்ந்துகொண்டது. அங்கே ஹென்ரிக் என்று ஒரு பெரிய அதிகாரி. அவருடைய பதில் கீழேயே இருந்தது. "ஓர் ஊழியர் இன்னொருவரை அடிமை என்றும் குரங்கு தின்னி என்றும் எழுதியிருப்பதைப் பார்த்தேன். இது என்ன? மற்றதை நாளை விவரமாக எழுதுகிறேன்."

"மேடம், இது முறைக்காரன் கேலின்னு ஒரு பத்தி எழுதிப் போட்டா போதுமே" என்றான் கசோண்டே.

"எழுதினா சாக்குச் சொல்றோம்னு நினைப்பாங்க. உங்க ஒப்பந்தம் ஜூன்ல முடியுது, இல்ல?"

கசோண்டே தன் இடத்துக்குத் திரும்பினான். அந்தப் பத்தியை எழுதியிருக்கலாம். எழுத பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அன்று மாலைக்குள் மின்னஞ்சலுக்கு ஒரு வடிகட்டி போட்டான். எலி, குரங்கு, அடிமை ஆகிய மூன்றில் ஒரு சொல் இருந்தாலும் கடிதம் வெளியே போகாது, உள்ளே வராது, அலுவலகத்துக்குள்ளும் நகராது. 'நிறுத்தப்பட்டவை' என்ற பெட்டியில் விழுந்துவிடும். அனுப்பியவருக்கு, "உங்கள் மொழி அலுவலக மரியாதைக்கு உகந்ததல்ல. இது முதல் எச்சரிக்கை. அன்புடன், கசோண்டே" என்று ஒரு கடிதம் தானாகப் போகும். பத்து எச்சரிக்கை சேர்ந்தால் பணியாளர் பிரிவுக்கு நகல். 'எல்லாருக்கும்' என்று அனுப்பும் வழியும் அடைபட்டது. எலியைச் சேர்த்தது நியாயத்துக்காக. ஜெரேயை எலி தின்னி என்று திட்டுவது கசோண்டேயின் வாடிக்கை. ஒருபக்கமாகத் தடுத்தான் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாதில்லையா?

பெட்டியை அவன் திறக்கவே இல்லை. திறந்தால் ஜெரே எழுதியதைப் படித்துச் சிரித்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் டென்மார்க்கிலிருந்து கடிதம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எழுதுகிறேன் என்றவர் எழுதாமல் இருக்கிறார் என்றால் கோபம் முற்றிவிட்டது என்று அர்த்தம் என்றார் இயக்குநர். விதியை இன்னும் கடுமையாக்கச் சொன்னார். கசோண்டே உட்கார்ந்து நான்காவது விதியை எழுதினான்: "உறவு, முறை, விளையாட்டு என்பவை சமாதானமாக ஏற்கப்பட மாட்டா."

இரண்டாவது வாரம் ஜெரே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"டேய் அடிமை, கிடங்குல எலி வந்திருக்கு. மருந்து கேட்டு அஞ்சு நாளா எழுதறேன். எலின்னு எழுதினா உன் பெட்டி கோவிச்சுக்குது. நாப்பது மூட்டை விதைச்சோளம் போச்சு. எலிங்க எல்லாம் உனக்கு நன்றி சொல்லச் சொல்லுச்சுங்க."

கசோண்டே சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "நீ எதுக்குடா இருக்க? உக்காந்து தின்னு தீர்க்க வேண்டியதுதானே?" என்றான்.

ஜெரே அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் கருவி அதிர்ந்தது.

நாற்பது மூட்டை சின்ன விஷயமில்லை. கசோண்டே அவசரமாக ஒரு விலக்குக் கொடுத்தான். கிடங்குக் கணினியிலிருந்து மட்டும் 'எலி அறிவிப்பு' என்று தலைப்பிட்டு எல்லாருக்கும் அனுப்பலாம். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். மறுநாளே ஜெரே எழுதினான்: "எலி அறிவிப்பு. நாலாம் கொட்டகையில் ஒன்று பிடிபட்டுள்ளது. புதுச் சட்டை போட்டிருக்கிறது. கணினி தெரியும் என்கிறது. உரியவர்கள் வந்து அழைத்துப் போகவும்."

அலுவலகமே மேஜையைத் தட்டிச் சிரித்தது. கசோண்டேயும் சிரித்தான், திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு.

சிரித்தவர்களுக்கு ஒரு வழியும் தெரிந்துபோயிற்று. அடுத்த நாள் கிடங்குக் கணினிக்கு முன்னால் வரிசை நின்றது. "எலி அறிவிப்பு. என் தங்கை கல்யாணக் குழு வெள்ளிக்கிழமை கூடும்." "எலி அறிவிப்பு. நாட்டுக்கோழி விற்பனைக்கு, உயிரோடு." "எலி அறிவிப்பு. ஆஸ்பத்திரியில் இருக்கும் நம் கடிகார ரிப்பேர்க்காரருக்காக ஜெபிக்கவும்." ஜெரே யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவன். நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தான்.

இயக்குநர் கண்ணில் கோழி பட்டுவிட்டது. விலக்கை உடனே எடுக்கச் சொன்னார். கசோண்டே எடுத்தான். எடுக்கும் அவசரத்தில், வடிகட்டி ஏற்கெனவே போன கடிதங்களையும் திரும்ப எண்ணும் என்பதை மறந்துவிட்டான். கிடங்குக் கணினி ஜெரேயின் பேரில் இருந்ததால், ஒரே மதியத்தில் அவன் பேருக்குப் பத்தொன்பது எச்சரிக்கைகள் போயின. பத்தொன்பதிலும் "அன்புடன், கசோண்டே."

விசாரணை நடந்தது. கசோண்டே எழுந்து நின்றான். "இது திட்டு இல்லீங்க. முறை. எங்கப்பா சாவுக்கு வந்து குழிக்கு முன்னால படுத்தவன் இவன். இவன் என்னைத் திட்டலேன்னாத்தான் எனக்கு அவமானம்" என்றான்.

பணியாளர் பிரிவு அதிகாரி மறுபேச்சுப் பேசாமல் நான்காவது விதியை வாசித்தார். கீழே கையெழுத்து யாருடையது என்பதையும் வாசித்தார்.

ஜெரேயிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். "விதி தெளிவா இருக்கு. நல்லா எழுதியிருக்கார்" என்றான் அவன். 'எழுதியிருக்கார்' என்ற மரியாதை கசோண்டேயின் நெஞ்சில் போய்த் தைத்தது.

ஜெரேயைச் சிபாட்டாவிலுள்ள சின்னக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போக வேண்டிய ஊர். கிளம்புகிற அன்று கசோண்டே வேண்டுமென்றே அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். ஒரு 'குரங்கு தின்னி'யாவது வரும், கொஞ்சம் மனசு ஆறும் என்று பார்த்தான்.

ஜெரே பெட்டியை வண்டியில் ஏற்றினான். சட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்ல சட்டை, ஐயா. வர்றேன்" என்றான்.

பதினாறு வருஷப் பழக்கத்தில் ஜெரே அவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வண்டி மறைந்ததும் கசோண்டே கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

ஜூனில் கசோண்டேயின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அன்று மாலையே சிபாட்டாவுக்கு எழுதினான்: "எலி தின்னி, உயிரோடு இருக்கிறாயா? நான் செய்தது தப்பு." அரை நிமிஷத்தில் பதில் வந்தது. ஆவலாகத் திறந்தான். "உங்கள் மொழி அலுவலக மரியாதைக்கு உகந்ததல்ல. இது முதல் எச்சரிக்கை. அன்புடன், கசோண்டே."

தொலைபேசியில் கூப்பிட்டான். "சொல்லுங்க, ஐயா" என்றது ஜெரேயின் குரல். விதை இருப்பு விவரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். மறுநாள் மதியத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ந்ஷிமா என்ற சோளக்களி ஆறிப்போய் அப்படியே கிடந்தது.

ஜூலையில் 'நிறுத்தப்பட்டவை' பெட்டி நிறைந்து கணினி முக்கி முனகியது. பெட்டியைக் காலி செய்யும் வேலையைப் புதிதாக வந்திருந்த செயலர் நொசிக்குவிடம் கொடுத்தான் கசோண்டே. ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்கச் சொன்னான். அவள் ஒரு மணி நேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். கசோண்டே அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு சிரிப்பு நின்றது.

"சார், ஹென்ரிக்னு யாரு? டென்மார்க்லேர்ந்து ஒண்ணு இருக்கு. இந்தப் பெட்டி ஆரம்பிச்ச மறுநாள் தேதி."

கசோண்டே மெதுவாக எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். மூக்குக்கண்ணாடி தன் மேஜையிலேயே இருந்துவிட்டது. எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"என்ன தண்டனை கொடுக்கச் சொல்லியிருக்கார்?" என்றான்.

"தண்டனையா? அவருக்குத்தான் நம்ம எச்சரிக்கை போயிருக்கு, சார். அவர் பாவம், 'உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இது முறைக்காரன் கேலின்னு சொன்னார், பதினோரு வருஷமா இந்த ஆபீஸ்ல இருக்கேன், ஒருத்தன்கூட என்னைக் குரங்குன்னு கூப்பிட்டதில்லை, ஜெரே என்னையும் அடிமையாச் சேர்த்துக்குவாரா'ன்னு கேட்டிருக்கார்."