பஸ் ஸ்டாண்டில் ஒரு துளசி மாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.5.1989

மதிப்பிற்குரிய அண்ணன் கண்ணபிரான் அவர்களுக்கு, மரகதவல்லி வணங்கி எழுதுவது. இங்கே நானும் தங்கை வஞ்சுளவல்லியும் நலம். நீங்கள் அனுப்பிய ஸாவித்ரியின் கல்யாண அழைப்பிதழின்படி நான் மட்டும் நலம்.

அழைப்பிதழ் லட்சணமாக இருக்கிறது. முகப்பில் வஞ்சு வரைந்த ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டைப் போட்டதில் சந்தோஷம். கோயிலுக்கு வந்த இடத்தில் உங்கள் சம்பந்தி அம்மா நம் வீட்டுச் சுவரில் அதைப் பார்த்து மயங்கி, யார் வரைந்தது என்று கேட்டபோது "தெரிஞ்ச ஆர்ட்டிஸ்ட்" என்றீர்கள். அந்த ஆர்ட்டிஸ்ட் அப்போது அடுப்படியில் ஒளிந்து கேசரி தின்றுகொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து ஓடிவரும் மில் பெண்கள், ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவர், பஸ்ஸுக்கடியில் தூங்கும் நாய், எல்லாம் இருக்கிறது. சுவரோரம் முதுகு காட்டி நின்றவரை மட்டும் காணோம். மங்களகரமாக இல்லையென்று அச்சகத்தில் அவரை அழித்துவிட்டுத் துளசி மாடம் வைத்திருக்கிறார்கள். வஞ்சு செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த மாடம் எந்த ஊர் பஸ்ஸுக்கு நிக்குது?" என்றாள்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். முப்பத்தாறு வயதில் ஏழு வயதுப் புத்தி என்பீர்கள், ஆனாலும் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். பெயர் வரிசையில் விரல் வைத்துக்கொண்டே போனாள். செத்துப்போன சித்தப்பா இருக்கிறார், மழலை மொழியில் அழைப்பதாக நாலு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. "அக்கா, நான் எங்க?" என்றாள். போனில் நீங்கள் சொன்னதையே நானும் சொன்னேன்: கடைசியில் 'மற்றும் உற்றார் உறவினர்' இருக்குல்ல, அதுக்குள்ள நீ.

"அதுக்குள்ள எம்புட்டு பேரு?"

"நெறைய பேரு."

"அப்ப உக்கார இடம் இருக்குமா, நிக்கணுமா?"

குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் வீட்டுக்கு வந்தால் அவளை அடுப்படிக்கு அனுப்பிக் கதவைச் சாத்துகிறவள் நான்தான். நீங்கள் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டீர்களோ என்னவோ. ஆகவே நீங்கள் சொன்னபடியே, சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல் அவளைப் பக்கத்து வீட்டுச் சந்தனமேரியிடம் விட்டுவிட்டு, நான் மட்டும் முகூர்த்தத்துக்கு வருகிறேன். மதினிக்கு என் அன்பு. ஸாவித்ரிக்கு எங்கள், மன்னிக்கவும், என் ஆசிகள்.

இப்படிக்கு, அழைப்பிதழில் உள்ள தங்கை,
மரகதவல்லி

பின்குறிப்பு: இங்கே கொடுக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய நூற்றைம்பது அழைப்பிதழையும் வன்னியம்பட்டி முதல் கூமாப்பட்டி வரை நேற்றே கொடுத்து முடித்தாயிற்று. ஒவ்வொன்றிலும் என் பெயருக்குக் கீழே 'வஞ்சுளவல்லி, முகப்புப் படம் வரைந்தவர்' என்று பேனாவால் எழுதித்தான் கொடுத்தேன். சம்பந்தி அம்மாவுக்கும் ஒன்று தபாலில் போயிருக்கிறது. ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வஞ்சுவிடம் இன்னும் சொல்லவில்லை. மண்டப வாசலில் அவளுக்கும் பன்னீர் தெளிப்பீர்களா என்று தெரியாமல் எப்படி ஆசை காட்டுவது?