மூச்சு அண்ணாச்சியும் டர்போக் கயிறும்

தூத்துக்குடியில் மோட்டார் இன்ஜினுக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் மூச்சு அண்ணாச்சிதான். இதை மறுப்பவர்கள் எழுபதுகளில் அந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் வண்டி வைத்திருக்க மாட்டார்கள்.

போன வாரம் என் மருமகன் வந்தான். 'ஹாட் ஹேட்ச்' என்று ஒரு வண்டி வாங்கப் போகிறானாம். சின்னக் கார், பின்னால் தூக்கித் திறக்கும் கதவு, பேய் வேகம். "மாமா, டர்போ போடலாமா? இல்ல, தானா மூச்சிழுக்குற இன்ஜினையே டியூன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியால் ஒரு குடும்பம் இரண்டுபட இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. எதிரே மூச்சு அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப். அசல் பேர் அவர் சம்சாரத்துக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். ஒரு காதின் ஜவ்வு கிழிந்து, இனி கடலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், கடலை விட்டு, இன்ஜினுக்கு மூச்சுப் பழக்கப் புறப்பட்டார். வண்டி எதுவானாலும் பானெட்டைத் திறந்து நல்ல காதை வைத்துக் கேட்பார். ஒரு பெரிய அதிகாரியின் காரை நடுரோட்டில் மறித்து, "வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கு சார், இப்படியே ஓட்டாதிய" என்று இறக்கிவிட்டார். வேலை கேட்டு வருகிறவனைத் தண்ணீர் டிரம்முக்குள் தலையைவிடச் சொல்வார். மூச்சடக்கத் தெரியாதவன் ஸ்பானரைத் தொட்டால் அவருக்கு ஆகாது.

அவருடைய ஹாட் ஹேட்ச் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குட்டிக் கார். கம்பெனிப் பேர் கேட்காதீர்கள், அந்தத் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. பின்பக்கத்தை அறுத்து, தோணிப்பலகையில் கதவு செய்து, மேலே தூக்கித் திறக்கும்படி மாட்டியிருந்தார். காரணம் இருந்தது. வடக்கே வேம்பார் கரையிலிருந்து சிங்கி இறாலை, அந்த முழ நீள முள் மீசைக்காரனை, உயிரோடு ஊருக்குக் கொண்டுவரும் வேலையை, யார் வண்டி சீக்கிரம் வருகிறதோ அவருக்கே தருவதாக இறால் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார். போட்டிக்கு ஒரு ஜீப். சனிக்கிழமை காலை பரீட்சை.

இப்போது மச்சான். அண்ணாச்சி சம்சாரத்தின் தம்பி. சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தோணியில் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். அக்கா தாலியறுத்து வீட்டுக்கு வருவதை எந்தத் தம்பி விரும்புவான்? கயிறு வெடுக்கென்று ஆடினால் கேள்வியே கிடையாது, உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும். அண்ணாச்சி கரையேறியதும் மச்சானும் கரையேறிவிட்டான். இன்னொருத்தனுக்குக் கயிறு பிடிக்க மாட்டேன் என்று மீன்பிடி டிராலரில் இன்ஜின் வேலைக்குப் போனான். அதுவும் சரிப்படாமல், பம்பாய்க்குப் போகிறேன் என்று மூட்டை கட்டியிருந்தான். அக்கா தினமும் அழுதாள். "போனாப் போறான்" என்று அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகிற மச்சான் சும்மா போகவில்லை. கழித்துப்போட்ட ஒரு டிராலரின் டர்போவைத் தூக்கிக்கொண்டு வந்தான். இட்லிக் கொப்பரை அளவு இருந்தது.

"வெளிய போற புகை இந்தக் காத்தாடியைச் சுத்தும் அத்தான். அது புதுக் காத்தை உள்ள அமுக்கும். இன்ஜின் ரெண்டு ஆளு பலத்துல இழுக்கும்."

"அடுத்தவன் ஊதி எவனாவது முங்குவானாலே? தன் மூச்சு, தன் பலம். உள்ள போற வழியை வழுவழுன்னு ஆக்கு, பெரிய கார்புரேட்டர் போடு. அது தானா இழுக்கும்."

"நீங்க இன்னும் கல்லைக் கட்டிக்கிட்டு முங்குத காலத்துலயே இருக்கிய!"

"போலே! பம்பாய்க்காரனுக்குப் போய் ஊது!"

அண்ணாச்சி சொன்னபடியே செய்தார். சங்குக்குள் விரல் விட்டுப் பார்ப்பதுபோல இன்ஜின் ஹெட்டின் துவாரங்களுக்குள் விரல் விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றி, என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வேம்பாருக்கு விட்டார். திரும்பும்போது உப்பளங்களுக்கு நடுவே அந்தப் போட்டி ஜீப்பை நாங்கள் தாண்டிய விதம் இருக்கிறதே, ஜீப் நிற்கிறது என்றே நினைத்தேன். சனிக்கிழமை வெற்றி நமக்குத்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் ஆபீசுக்கு வந்து பார்க்கிறேன், அண்ணாச்சியும் மச்சானும் சேர்ந்து டர்போவை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

"என்ன அண்ணாச்சி இது? நேத்துதான..."

அவர் செவிட்டுக் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாத கேள்விக்கெல்லாம் அந்தக் காதுதான் பதில் சொல்லும்.

கொப்பரை ஊதுகிற ஊதலுக்கு அந்தக் குட்டி இன்ஜின் தாங்காது. எனவே மிச்சக் காற்றை வெளியேற்ற ஒரு வால்வு. கயிற்றை இழுத்துப் பிடித்தால் மூடும், விட்டால் திறக்கும். கயிறு பின்பக்கம் வரை போகும். அங்கே ஐஸ் பேக்டரியிலிருந்து வாங்கிய பிரஷர் கேஜை முழங்காலில் கட்டிக்கொண்டு ஒரு ஆள் உட்கார வேண்டும். முள் சிவப்பைத் தொட்டால் கயிற்றை விட வேண்டும். அவ்வளவுதான். யார் அந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை வேம்பார். ஈரச் சாக்குகளில் சிங்கி இறால், நடுவே மச்சான், முன்னால் வெற்றிலைப் பெட்டிபோல ஒடுங்கிய சீட்டில் நான். ஜீப் முதலில் கிளம்பியது. அண்ணாச்சி மிதித்தார். கொப்பரை ஊளையிட்டது. முதல் பள்ளத்தில் வண்டி குதித்தது. கயிறு வெடுக்கென்று ஆடியது.

அவ்வளவுதான். கயிறு ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்பது மச்சானின் கைக்குப் பரம்பரையாகத் தெரியும். முழு பலத்தோடு இழுத்தான்.

வால்வு இறுக மூடியது. வண்டி பறந்தது. பறக்கப் பறக்கக் குதித்தது, குதிக்கக் குதிக்கக் கயிறு ஆடியது, ஆட ஆட மச்சான் இழுத்தான்.

"விடுலே! கயித்தை விடு! முள்ளைப் பாருலே!"

"பயப்படாதிய அத்தான்! நான் பிடிச்சிருக்கேன்!"

"விடுலே மூதி!"

"விட மாட்டேன் அத்தான்! அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்!"

ஜீப்பைத் தாண்டினோம். பஸ்ஸைத் தாண்டினோம். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வாருபலகையைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாரையும் கூப்பிட்டேன். கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் பட்டாசுக் கடை வெடித்த மாதிரி ஒரு சத்தம், வெள்ளைப் புகை. வண்டி உருண்டு போய் மேனேஜரின் காலடியில் நின்றது. பின்கதவு தானாகத் திறந்துகொள்ள, சிங்கி இறால்கள் சாவகாசமாக இறங்கி நடந்தன. ஒன்று மட்டும் மச்சானின் வேட்டியை விடவில்லை. மச்சான் கயிற்றை விடவில்லை.

"எல்லாம் உயிரோட இருக்கே!" என்று மேனேஜர் வேலையை எங்களுக்கே கொடுத்தார். எங்களைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

"வண்டி செத்துப்போச்சே அத்தான்" என்றான் மச்சான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒத்தையில என்னைக்கு இதைச் சரிபண்ண? நான் பம்பாய்க்குப் போகலை" என்றான்.

"போனாப் போ, இருந்தா இரு" என்றார் அண்ணாச்சி. ஆனால் அன்று அவர் விசில் அடித்ததை நான் கேட்டேன்.

இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த ஒரு மத்தியானம், மச்சான் டீ வாங்கப் போன நேரத்தில், அவருடைய நல்ல காது பக்கமாகப் போய் நின்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமையே ஜீப்பை ஜெயிச்சாச்சே அண்ணாச்சி. அப்புறம் எதுக்கு இந்த டர்போ?"

சுற்றும் முற்றும் பார்த்தார். "வண்டி தானா மூச்சு விட்டா, நான் ஒருத்தன் போயிட்டு வந்துருவேன் தம்பி. அதுல மச்சானுக்கு என்ன வேலை இருக்கு?"

டர்போவைக் கழற்றிவிட்டார்கள். அதில் அண்ணாச்சி வீட்டுக் கோழி முட்டையிட்டது. வண்டி தன் மூச்சிலேயே பல வருஷம் வேம்பாருக்கும் ஊருக்குமாக ஓடியது. வால்வு இல்லை, கயிறு மட்டும் இருந்தது. ஒரு முனை பின்னால் மச்சானின் கையில், மறுமுனை ஸ்டியரிங் முன்னால் அண்ணாச்சியின் இடுப்பில். எதற்கு என்று கேட்டால் இரண்டு பேருமே செவிட்டுக் காதைக் காட்டுவார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

மருமகனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. டர்போவோ சாதாவோ, எதையாவது போடட்டும். பின்சீட்டில் யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான் என்று மட்டும் கேட்க வேண்டும்.