வெளிப்பக்க நாதாங்கி

வாத்தியாரின் வீரம் எதிரே நிற்பவனின் உயரத்தைப் பொறுத்தது. மூன்றடி உயரத்துக்கு நான் சிங்கம். கையில் பிரம்பும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதே பிரம்பு அடுத்தவன் கையில் இருந்தால் நான் யார் என்பது இந்தக் கொம்யூனிலேயே என் மனைவி அஞ்சலைக்கு மட்டும்தான் தெரியும்.

பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருக்கிற பாகூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னை, கரும்பு வெட்டுகிற ஜனங்கள் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். பண்ணையாரை எதிர்த்து அதுவரை யாரும் நின்றதில்லை. ஓட்டு நாளில் அவருடைய ஆட்கள் தடியோடு மேரி வாசலை அடைத்து நிற்பார்கள் (கொம்யூன் என்கிற ஊராட்சியின் அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). மற்றவர்கள் வீட்டோடு இருந்துவிடுவார்கள். அவர்களுடைய ஓட்டு மட்டும் எப்படியோ பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"இந்தத் தபா உடமாட்டோம் வாத்தியாரே. நீங்க முன்னால நடங்க, நாங்க பின்னால வரோம்" என்றான் என் பழைய மாணவன் முருகேசன். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் சாராயத்தைவிட மோசமானது. ஒப்புக்கொண்டுவிட்டேன்.

தேர்தலுக்கு முன்னால் பண்ணையாரின் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். மோர் வாங்கிக் குடித்தார். போகும்போது, "ஐயாவுக்கு உங்க மேல ரொம்ப மருவாதி. ஓட்டு அன்னிக்கி வெயில் ஜாஸ்தியா இருக்குமாம், வூட்லயே இருந்துக்கச் சொன்னாரு" என்றார்.

அது மார்கழி மாதம். பனியில் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. புது வேட்டி கட்டி, விபூதி பூசி, வாசலுக்கு வந்து தெருக்கோடியைப் பார்த்தேன். ஒரு கூட்டம் தடியோடு எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. முகங்கள் தெரியவில்லை, தடிகள் நன்றாகத் தெரிந்தன.

வாசல் கதவைத் தாழிட்டேன். பின்வாசல் வழியாக வெளியேறி, ஞாபகமாக அந்தக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க நாதாங்கியையும் மாட்டினேன் (ஒழுங்கு என்பது வாத்தியார் ரத்தத்திலேயே ஊறியது). உள்ளே அஞ்சலை அடுப்பூதிக்கொண்டிருந்தது, வாய்க்காலைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாசலில் தடிக்கூட்டம், கொல்லையில் நாதாங்கி, நடுவில் அவள். திரும்பிப் போகலாமா என்று மனம் யோசித்தது. கால் யோசிக்கவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் எல்லை. ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு அங்கிருந்த கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்தேன். காய்ந்த கரும்புச் சோகை முகத்தைக் கிழித்தது. உட்கார்ந்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். சர்ச்சுக்கும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

சாமிக்குப் பதில் தோட்டத்துக் காவல்காரன் வந்தான்.

"இன்னாயா, சரக்கு எங்க?"

"எந்தச் சரக்கு?"

"பிரெஞ்சு பக்கத்துலேந்து கரும்புக்குள்ள பூர்றவன் சாராயம் இல்லாம பூருவானா?"

"நான் வாத்தியார்ப்பா."

"போன வாரம் வந்தவன் பூசாரின்னான்" என்று சொல்லி, என் துண்டாலேயே என் கையைக் கட்டி வேப்பமரத்தோடு பிணைத்தான். முதலாளி வந்ததும் போலீசில் ஒப்படைப்பானாம். ஜெயில் என்றதும், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜெயிலுக்குச் சுவர் உண்டு.

வெயில் சாயும் நேரத்தில் பெரிய இரைச்சல். முருகேசன் முன்னால், கையில் என் ஒற்றைச் செருப்பு. பின்னால் ஊரே தடியோடு. காவல்காரன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ஓடினான். நான் ஓடியதைவிட நன்றாகவே ஓடினான்.

"பாவிங்க, வாத்தியார கட்டிப் போட்டுக்கிறானுங்க பாருங்கடா" என்று முருகேசன் அழுதான்.

அவன் சொல்லித்தான் தெரிந்தது: காலையில் வந்த தடிக்கூட்டம் எங்கள் ஆட்கள். எனக்குப் பாதுகாப்பாக வந்தவர்கள். நான் இல்லை என்றதும், பண்ணையார் ஆள்வைத்துக் கடத்திவிட்டார் என்று ஊர் கொதித்து மேரிக்குப் போயிருக்கிறது. பண்ணையாரின் ஆட்களோ, தங்களில் எவன் என்னைத் தூக்கியது, எவன் மாட்டிவைத்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நழுவிவிட்டார்கள். முதல்முறையாக ஜனங்கள் தங்கள் ஓட்டைத் தாங்களே போட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பயத்தில் குரல் வரவில்லை. "அடிச்ச அடியில பேச்சே நின்னுபோச்சி" என்று தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, எல்லாரும் கலைந்த பிறகு, அஞ்சலையிடம் கேட்டேன்: "கடத்திட்டாங்கன்னு யார் சொன்னது?"

"நாந்தான். அக்கா, வாத்தியாரு எங்கன்னு முருகேசன் கேட்டான். பின்கதவ இழுத்துப் பாத்தேன், வெளிய நாதாங்கி. ஓடிப்போயிட்டாருன்னா சொல்ல முடியும்? தூக்கிக்கினு போயிட்டாங்கப்பான்னு ஒப்பாரி வெச்சேன்." ரசத்தை ஊற்றினாள். "எனக்கு ஓட்டு இருந்திருந்தா பண்ணையாருக்குத்தான் போட்டிருப்பேன். அந்தாளு பொண்டாட்டிய உள்ள வெச்சிப் பூட்டல."

அந்த ஒப்பாரியில் ஏறிய நான் கொம்யூன் தலைவரான மேரின் நாற்காலி வரை போய்விட்டேன். மேடையில் நான் கட்டுண்டு கிடந்த கதையைச் சொல்லாத கூட்டம் கிடையாது. வீட்டில் மட்டும் சொல்ல முடியாது. "அன்றைக்கு அந்த வேப்பமரத்தில்..." என்று ஆரம்பித்தால் அஞ்சலை கொல்லைப்பக்கம் நாதாங்கியை ஆட்டுகிற சத்தம் கேட்கும். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பார்ப்பார்கள்.

இப்போது பெண்களுக்கும் ஓட்டு வந்துவிட்டது. மறுபடி தேர்தல். நேற்று சாப்பிடும்போது, சும்மா பேச்சுவாக்கில், "உன் ஓட்டு யாருக்கு?" என்றேன்.

அஞ்சலை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.