குறைதீர்ப்புப் பிரிவின் செவித்திறன்

உலகத்தில் காது படைத்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் மக்களின் குறையைக் கேட்பதற்கென்றே பிறந்தவர் ஒருவர்தான். அவர் குடியிருப்பு வாரியத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. எதிரில் உட்கார்ந்தவர் கத்தினாலும் அழுதாலும் மேசையைத் தட்டினாலும் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். தலையைச் சற்றே சாய்த்து, முகத்தில் கருணை வழியக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு "கவனிக்கிறோம்" என்பார். வந்தவர் பாரம் இறங்கியதுபோல வெளியே போவார். இந்தப் "பொறுமை"யை மெச்சி வாரியம் அவருக்கு "மக்களின் செவி" என்ற விருதையே கொடுத்திருந்தது.

பொறுமையின் ரகசியம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. அவர் டிவி வைக்கும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை அணைத்துவிட்டு இவர் வீட்டுச் செய்தியையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டால், தனக்கு எல்லாம் நன்றாகக் கேட்கிறது, ஜனங்கள்தான் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று சாதிப்பார். அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தரதரவென்று இழுக்காத குறையாக அவரைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்.

அங்கே செவி நிபுணரான இளம்பெண் அவரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். அதிகாரி பழக்க தோஷத்தில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கருவி தேர்வு செய்யும் நேரம் வந்ததும் அதிகாரி நவீன மனிதரானார். கண்ணுக்கே தெரியக்கூடாது, செல்போனோடு சேர்ந்து வேலை செய்யவேண்டும், மூக்குக்கண்ணாடி நிறத்துக்குப் பொருந்தவேண்டும் என்று நிபந்தனைகளை அடுக்கினார். கருவியின் அழகைப் பார்த்து வாங்கக்கூடாது, காதின் குறையைப் பார்த்து வாங்கவேண்டும் என்றார் நிபுணர். இவருக்கு இரண்டு காதுக்கும் தேவை. முதலில் எல்லாமே இரைச்சலாகத்தான் இருக்கும். அதற்காகக் கழற்றி டிராயரில் போட்டுவிடாமல் தினமும் மாட்டிப் பழகவேண்டும்.

"முன்னாடியே வந்திருக்கணும் சார். காது மந்தமாறது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. கூட இருக்கிறவங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்," என்றார்.

அதிகாரி இதை மனத்தில் ஆழப் பதித்துக்கொண்டார். வாரியத்துக்குச் சனி பிடித்தது அந்த நிமிஷத்தில்தான்.

மறுநாள் இரண்டு காதிலும் கருவியை மாட்டிக்கொண்டு அதிகாரி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது தையல்காரர் ஒருவர் வந்தார். அடிக்கடி வருகிறவர். தன்மேல் உள்ள பிரியத்தால் வருகிறார் என்றே அதிகாரி நினைத்திருந்தார். இன்றைக்குத்தான் அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

"ஆறாவது மாடி சார். லிஃப்ட் ஓடல. என் சம்சாரம் சக்கர நாற்காலியில இருக்கா. போன மழைக்கு முன்னாடி கடைசியா கீழ இறங்கினவ. ஜன்னல் வழியாத்தான் தெருவைப் பாக்குறா."

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?"

"வர்ற போதெல்லாம் இதையேதான் சார் சொல்றேன். எழுத்தர்கிட்ட சொன்னேன், பொறியாளர்கிட்ட சொன்னேன், இயக்குநர் ஐயாகிட்டயும் சொன்னேன். எல்லாரும் உங்களை மாதிரியேதான் தலையாட்டுனாங்க."

அதிகாரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தின் பின்னாலேயே இரக்கமும் வந்தது. பாவம், அந்த மூன்று பேருமா? யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் அப்படியே பொருந்தின. எழுத்தர் எத்தனை முறை கூப்பிட்டாலும் நிமிரமாட்டார். பொறியாளரின் தொலைபேசி அடித்து ஓய்ந்துபோகும். இயக்குநரோ எதைச் சொன்னாலும் நாளைக்கு மறுபடி வந்து சொல்லச் சொல்வார். லிஃப்டைப் பழுதுபார்க்க இந்த மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். முதலில் அவர்கள் காதைச் சரிசெய்துவிட்டால் லிஃப்ட் தானாக ஏறிவிடும் என்று அதிகாரி முடிவுகட்டினார்.

"செவிநல முகாம்" என்றதும் இயக்குநர் உற்சாகமாகச் சம்மதித்தார். அவருடைய ஒரே கவலை பேனரில் தன் படம் எவ்வளவு பெரிதாக வரும் என்பதுதான். முகாமுக்கு அதிகாரி தையல்காரரையும் வரச்சொல்லியிருந்தார். காது திறந்ததும் மூவரும் முதலில் கேட்கும் குரல் அவருடையதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்.

வாரியம் முழுவதும் வரிசையில் நின்று சோதித்துக்கொண்டது. கடைசியில் அதே செவி நிபுணர் சோதனை அறையிலிருந்து வெளியே வந்தார். கருவிப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எதை வாங்கலாம் என்று அதிகாரி கேட்டார்.

"யாருக்குமே வேண்டாம் சார். எல்லாருக்கும் காது பிரமாதமா இருக்கு. இயக்குநர் சாருக்குக் குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இயக்குநர் முகாம் மேடையிலேயே ஒரு கொள்கை முடிவை அறிவித்தார். செவித்திறன் குறைந்த ஒருவரைக் குறை கேட்கும் இடத்தில் வைத்திருப்பது மக்களுக்குச் செய்யும் துரோகமாம். ஆகவே அதிகாரி உடனடியாகப் பழைய தளவாடக் கிடங்குக்கு மாற்றப்படுகிறார்.

கூட்டம் டீக்கும் பிஸ்கட்டுக்கும் கலைந்தது. தையல்காரர் அதிகாரியின் அருகில் வந்து நின்றார்.

"அப்ப, நான் சொன்னதெல்லாம் இவங்களுக்குக் கேட்டுச்சா சார்?"

"கணீர்னு கேட்டிருக்குங்க," என்றார் அதிகாரி.